இடதுபக்கத்துக் குன்றிமணி

பெனாசிருக்குப் பயப்பட யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோட்டக்குப்பத்தில் பிறந்த வீட்டில் கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தாலே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்கு ஓடிவிடுவாள். கல்யாணமாகி, புருஷன் யாஹ்யா கத்தாருக்கு ட்ரெய்லர் ஓட்டப் போனபின், வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் பிஸ்மில்லா சொல்லித்தான் எடுப்பாள். மனுஷன் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தான். திண்டிவனத்தில் வீடு பிடித்து, சொந்தமாக ஒரு வேன் வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆரம்பித்தான். அப்பாடா, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தாள். தூங்கவிட்டானா?

திடீரென்று அவனுக்குக் காட்டுக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு வந்தால் போதும், பெண்டாட்டியையும் ஏழாவது படிக்கும் மகள் அஸ்ஃபியாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பெருமுக்கல் பக்கம் கிளம்பிவிடுவான். மலையடிவாரத்துப் புதர்க்காட்டில் கால் கடுக்க நடை. அதில் ஒரு ஆட்டம் வேறு. மரமோ, கொடியோ, இடிந்த சுவரோ, யார் முதலில் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பாயின்ட். தெருவில் மற்ற பெண்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைத் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்க, இவள் மட்டும் பாம்புக்கு ஒரு கண், தேனீக்கு ஒரு கண்ணாக, காவலுக்கான ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தாள். என்ன தலையெழுத்தோ!

அன்றைக்கும் அப்படித்தான். ஜனவரி வெயில், சுகமாகக் காற்று. யாஹ்யா முன்னால் போனான்.

"அதோ, மேல, பாறை ஓரம். உசிலை மரம்! அத்தாவுக்கு ஒரு பாயின்ட்!"

அவ்வளவு தூரத்தில் நின்ற மரத்தைப் பார்த்தவன், நாலு எட்டு நடந்ததும் ஒரு காரைப் புதரைத் தோளால் உரசிக்கொண்டு போனான். அந்தப் புதர் முழுக்கக் குன்றிமணிக் கொடி. காய்கள் வெடித்து, செக்கச்செவேலென்று மணிகள் தெரிந்தன. கண்ணைக் குத்தும் சிவப்பு.

"குன்றிமணி!" என்று கத்தினாள் அஸ்ஃபியா. "அத்தா, இடிச்சிக்கினே போறீங்க, பாக்கல பாருங்க!"

"உனக்குனு விட்டுக்குடுத்தேன்டி," என்று சிரித்தான் அவன்.

பெனாசிரும் சிரித்தாள். அடுத்து ஒரு வெப்பாலை வந்தது. அதையும் மகள்தான் பார்த்தாள். அப்புறம் குடைபோலப் படர்ந்த களாச்செடி. அதையும் அவன் விட்டான். மூன்றுமே அவனுக்கு இடதுபக்கம். பெனாசிரின் சிரிப்பு பாதியில் நின்றது. பயத்துக்குப் பழகிய மனசு அல்லவா, உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. போன மாதம் வேனில் இடதுபக்கக் கண்ணாடி உடைந்தது. எவனோ ஆட்டோக்காரன் இடித்துவிட்டான் என்றான். இடதுகைப் பக்கம் டீ வைத்தால் தட்டிவிடுகிறான். கவனமே இல்லை என்று இவள்தான் கத்தியிருக்கிறாள்.

சேச்சே, கண்டதையும் நினைக்கிறேன் என்று தலையை உதறிக்கொண்டாள்.

காட்டுக்குள் ஒரு பழைய கல்மண்டபம் சரிந்து கிடக்கிறது. தூண்கள் ஒரு பக்கம், பெயர்ந்து விழுந்த உத்தரக்கல் ஒரு பக்கம். அதை முதலில் பார்த்தது யாஹ்யாதான். "மண்டபம்!" என்று கையை நீட்டிக்கொண்டே வேகமாகப் போனவன், முழங்கால் உயரத்துக்குக் கிடந்த உத்தரக்கல்லில் மோதிக் குப்புற விழுந்தான். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வந்தது.

"யா அல்லா! பாத்து வரக் கூடாதா?" பெனாசிர் ஓடிவந்து தூக்கினாள்.

"கல்லு எங்க இருந்துச்சு?" என்று கேட்டான் அவன்.

படுத்திருக்கும் எருமை அளவுக்குக் கல். அதைப் பார்த்தா இந்தக் கேள்வி? ரத்தம்கூட அவளை அவ்வளவு பயமுறுத்தவில்லை.

"அஸ்ஃபியா, அந்தாண்ட வெட்டுக்காயப் பூண்டு இருக்கும், பறிச்சிக்கினு வா. ஜல்தி," என்று மகளை அனுப்பினாள். அவள் தலை மறைந்ததும் புருஷனின் இடதுபக்கம் போய் நின்று, காதோரமாகக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"நேரா பாருங்க. தலைய திருப்பாதீங்க. எத்தினி விரலு?"

"எந்த விரலு?"

கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். கன்னத்தைத் தாண்டி வந்தது. மூக்குக்கு நேராக வந்தபோதுதான் அவன் கண் அசைந்தது. அவன் "மூணு" என்றபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

அவன் கல்லின் மேல் உட்கார்ந்தான்.

"கண்ணுல பிரஷராம். பக்கத்துல, கீழ பாக்குற பார்வ போயிடுச்சி. இடதுபக்கம் ரொம்ப. போனது திரும்ப வராதாம். சொட்டு மருந்து ஊத்திக்கினு இருக்கறதையாவது காப்பாத்திக்கணும்னாங்க. செப்டம்பர்ல பாண்டிச்சேரில பாத்தேன். வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

"சொல்லியுமா ஓட்னீங்க?"

"வேற என்னா தெரியும் எனக்கு? மீச மொளைக்கச்சொல பிடிச்ச ஸ்டீரிங்கு." அவன் குரல் உடைந்தது. "அதுக்குத்தான் இங்க வந்துக்கினு இருந்தேன், பெனா. எவ்ளோ தெரியுது, எவ்ளோ தெரியலனு வாராவாரம் பாத்துக்கினு இருந்தேன். போன மாசம் வரிக்கும் புள்ளைக்கு ஈடு குடுத்தேன். இன்னிக்கு முடியல."

காட்டுக் கிறுக்கு என்று இவள் திட்டியதெல்லாம் அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சையா? அவளுக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அந்த வேனில் இடதுபக்கமாகத்தான் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க."

"முழுப் பரீட்ச வரிக்கும் மட்டும். மெதுவா ஓட்டறேன். ரூட்டு எனக்கு மனப்பாடம்."

"ரூட்டு மனப்பாடம். குறுக்க ஓடியாற புள்ள மனப்பாடமா? எம்பொண்ணும் அதுலதான போவுது!"

அவள் அவனிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். கை நிறையப் பச்சிலையோடு வந்த அஸ்ஃபியா, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, இலையைக் கசக்கி அத்தாவின் காயத்தில் பிழிந்தாள்.

ரோட்டுக்கு இறங்கி வந்ததும் யாஹ்யா பழக்கத்தில் பைக் சாவியை எடுத்தான். பெனாசிர் ஏறவில்லை. மகளின் கையையும் விடவில்லை. வண்டியை டீக்கடை ஓரமாகப் பூட்டி வைத்துவிட்டு, மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"போன் போட்டுச் சொல்லுங்க," என்றாள்.

"வீட்டுக்குப் போயி சொல்றேன்."

"வீட்டுக்குப் போனா சொல்ல மாட்டீங்க. இப்பயே சொல்லுங்க."

முதலில் இருதயமேரியைக் கூப்பிட்டான். ஒன்றாவது படிக்கும் அவளுடைய மகள்தான் அவன் வண்டியில் ஆகச் சின்னப் பிள்ளை. சாலை இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"யக்கா, நாளைக்கு வேன் வராது. கொஞ்சம் ரிப்பேரு."

"அப்பிடிங்களா பாய்? செவ்வாக்கிழம வந்துடுவீங்கல்ல?"

யாஹ்யா ரோட்டைப் பார்த்தான். "ஆங், வந்துடுவேன்."

பெனாசிர் போனைப் பிடுங்கிவிட்டாள். நாளைக்குத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது, இந்த மனுஷன் இனி என்ன வேலைக்குப் போவான், எல்லாப் பயமும் ஒன்றாக வந்தது. பயந்தபடியே பேசினாள்.

"யக்கா, நான் பெனாசிர் பேசறேன். வண்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. இவருக்குத்தான் கண்ணு தெரியல. பக்கத்துல நிக்கிறது தெரியல. இனிமே ஓட்ட மாட்டாரு. வேற வண்டி பாத்துக்குங்க."

"அய்யோ, பாவமே! பாய் நல்லா இருக்காரா? நேத்திலருந்தா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். பக்கத்தில் யாஹ்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இல்லக்கா. செப்டம்பர்லருந்து."

அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பெனாசிர் திரையைப் பார்த்தாள். போகவில்லை. பிறகு இருதயமேரியின் குரல், போனிலிருந்து விலகி, வீட்டுக்குள் எங்கேயோ திரும்பி நடுங்கியபடி கேட்டது.

"பாப்பா, எங்க இருக்க? வா, அம்மாகிட்ட வா."