ஏசி போடாத கார்

அம்மா காலமான பிறகு இன்றுதான் எங்கள் பழைய சின்னக் காரைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் சேர்விசுக்கு விட்டேன்.

ஒயில் மாற்றி, பிளக் துடைத்து எல்லாம் முடிந்தது. கடைசியாக ஏசியைப் போட்டுப் பார்த்த மெக்கானிக் தலையில் கைவைத்தார். புது ஆள், எங்கள் வீட்டு விசயம் எதுவும் தெரியாதவர்.

"என்னக்கா, இதை ஒருநாளும் போடுறேல்லையோ? பெற்றோல் மிச்சம் பிடிக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி, அம்மாவுக்கு ஏசிக் குளிர் ஒத்துவராது."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், அம்மா இப்போதும் இருப்பதுபோலவே சொல்லிவிட்டேன்.

அக்கராயன் வீட்டிலிருந்து அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், சித்திரை வெயிலிலும், கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போவோம். நான் புழுதி என்று முணுமுணுத்தால், "காத்து வரட்டும் பிள்ளை, பிறகு தலை முழுகலாம்" என்பார்.

மெக்கானிக் விடவில்லை.

"போடாமலே விட்டா கொம்பிரசர் இறுகிப்போகுமக்கா. அம்மாவை வீட்டில விட்டிட்டு வாற நேரமாவது போடுங்கோவன். கிழமைக்கு ஒருக்காப் போட்டாக் காணும்."

"ஓம் தம்பி" என்றேன்.

திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை அம்மா வீட்டில் இருக்கிறார். ஒரு ஆளுக்காவது அப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த சேர்விசுக்கும் அவரிடமே போகப்போகிறேன். "அம்மா எப்பிடிச் சுகமோ?" என்று கேட்டால் என்ன சொல்வதென்று யாராவது சொல்லித்தாருங்கள்.