துரைக்குப் பேய் காட்டிய காலை

மலாக்காவில் பேய் உலவும் தெருக்களைச் சுற்றிக் காட்ட ஆள் இருக்கிறாராம். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நடக்க, இருபது பேர் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போவார்களாம். என் மகள் போய்வந்து அதிசயமாகச் சொன்னாள். "அட போடி, நானும் அந்த வேலை பார்த்தவதான்" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரே ஒரு காலைப்பொழுதுதான் பார்த்தேன். அப்போது அவள் என் வயிற்றில் ஆறு மாதம்.

மலாயாவை வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் வந்த அவசரகாலம் அது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்ட விடமாட்டார்கள். பிடிபட்டவர்களை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிலரை இந்தியாவுக்கே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

நான் கீழே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மேலே வந்தவள். இந்த மலையில் எனக்கு இரண்டு விஷயம் பிடிக்காது. ஒன்று குளிர், இன்னொன்று பேய்க்கதை. மூடுபனி இறங்கியதும் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள், அங்கே ஒருத்தி நிற்கிறாள், இங்கே ஒருத்தி அழுகிறாள் என்று. எனக்கு வாய் நீளம். "பேய்க்கு வேற வேலைவெட்டி இல்லியா, இந்தக் குளிர்ல வந்து நிக்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பேன். பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. சிரித்த வாய்க்கு முனி கொடுத்த கூலி என்று லயமே பேசியது. நான் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் நம்பினார்.

மூன்றாவது நின்றதும் அவர் வெள்ளிக்கிழமைதோறும், வேலிக்கு வெளியே காட்டோரத்தில் இருந்த முனிக்கல்லுக்குப் படையல் வைக்க ஆரம்பித்தார். காட்டு வாழையிலையில் சோறு, கருவாடு, ஒரு சுருட்டு. கேட்டில் காவல் நின்ற மலாய் போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்போம். 'ஹந்து'வுக்கு, பேய்க்கு, என்று சொன்னால் அவர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அவருக்கும் பேய் என்றால் பேய்தானே. ஆனால் புதிதாக ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரை வந்து சேர்ந்தார். அந்த வாரம் கேட்டில் அவரே நின்றார். சோற்றுப் பொட்டலத்தோடு என் வீட்டுக்காரர் வசமாக மாட்டிக்கொண்டார்.

செய்தி வந்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆபீஸ் படியில் அவரைக் கை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில், துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, தோட்டத்துக் குமாஸ்தா கிராணி நின்றார். தமிழர்தான், ஆனால் எங்களோடு அவர் சிரித்துப் பேசியதை யாரும் பார்த்ததில்லை.

"மத்தியானம் கம்போங் ராஜாவுல இருந்து லாரி வரும். ஏத்திடுவாங்க" என்றார் கிராணி, என் முகத்தைப் பார்க்காமல். "எந்தப் பேய் கருவாடு தின்னும்னு துரை கேக்குறாரு."

எனக்கு வந்ததே கோபம்! "எங்க பேய் தின்னும்னு சொல்லுங்க. இந்தத் தோட்டத்துல ஒரு பேயா, ரெண்டு பேயா? ஒவ்வொண்ணையும் நான் கூட்டிப் போயி காட்டுறேன். கண்ணால பார்த்துட்டு இவர விடட்டும். இல்லேன்னா என்னையும் சேர்த்து லாரியில ஏத்தட்டும், வயித்துல இருக்கிறதோட!"

கிராணி என்ன சொன்னாரோ, எவ்வளவு சொன்னாரோ. துரை என் வயிற்றைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இப்படித்தான் பேயை நம்பாதவள் பேய்களுக்குச் சாட்சி சொல்லப் புறப்பட்டேன். நான் முன்னால், துரை பின்னால், அவருக்குப் பின்னால் கிராணி, கடைசியில் துப்பாக்கியோடு இரண்டு மாத்தாக்கள். பனி அன்றைக்கு அப்படி இறங்கியிருந்தது. என் கால் எனக்கே தெரியவில்லை. தேயிலைச் செடிகள் பக்கத்தில் போனால்தான் செடி, இல்லையென்றால் வெறும் வெள்ளை. பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். பிறகு ஒரு தொப்பி மட்டும் வெளியே வரும்.

முதலில் ஓடைப் பாலம். கொலுசு போட்ட ஒருத்தி அதன் அடியில் துணி துவைக்கிறாள் என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் எனக்குச் சொன்னதை, நான் கேலி செய்ததை, இப்போது கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொன்னேன். அப்புறம் முச்சந்தி. யாரோ யாருக்கோ செய்வினை வைத்து, ஆணியடித்த பூசணிக்காயைப் புதைத்த இடம் அது. "மிதிச்சவன் வீட்டுல அடுப்பு எரியாது" என்றேன். கிராணி ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் மாத்தாக்கள் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு வரப்பில் ஏறிவிட்டார்கள். துரை அவர்களைப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அவரும் ஏறினார்!

மூன்றாவது, மேட்டில் இருந்த இடிந்த பங்களா. புகைக்கூண்டு மட்டும் பனிக்குள் நின்றது. பழைய துரை ஒருத்தர் காய்ச்சலில் செத்துப்போய், இன்னமும் மாலையில் தேத்தண்ணி கேட்கிறார் என்று கதை. அதைச் சொன்னதும் துரை தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். சின்ன வயசுதான் அவருக்கும். காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தது. எத்தனை கடல் தாண்டி வந்து இங்கே நிற்கிறான், இவனைப் பெற்றவள் எங்கே இருக்கிறாளோ என்று ஒரு நொடி மனசு இளகிவிட்டது. உடனே படியில் கை கட்டி உட்கார்ந்திருப்பவர் ஞாபகம் வந்தது. வேகமாக நடந்தேன்.

பேய் போதாது என்று பயந்து, வழியில் இருந்த குழாயடியில் நானாக ஒன்றை உண்டாக்கினேன். தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பிள்ளைத்தாய்ச்சி. சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவள் இழந்த பிள்ளை இரண்டு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கிராணி அதை மட்டும் துரைக்குச் சொல்லவில்லை. (அந்தக் குழாயில் அதற்கப்புறம் பொழுது சாய்ந்தால் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. நானும்தான்.)

கடைசியில் காட்டோரம் போனோம். முனிக்கல்லில் மஞ்சள் பூசியிருந்தது. முன்னால் சாம்பலும், காய்ந்த பூவும். "பாருங்க, இதுதான். போன வெள்ளிக்கிழமை வச்ச இலைகூட அப்படியே கிடக்கு" என்று கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

இலை மடித்திருந்தது.

நரி தின்றால் இழுத்துப் போடும். குரங்கு தின்றால் கிழித்துப் போடும். முனி தின்றால் என்ன செய்யுமோ, எனக்குத் தெரியாது. இந்த இலையைச் சாப்பிட்டவர் சரிபாதியாகத் தன் பக்கமாக மடித்து, காற்றில் பிரியாமல் இருக்க ஒரு சின்னக் கல்லும் வைத்திருந்தார். வயிறு நிறைந்தது, வைத்தவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நம் பந்தியில் மடிப்போமே, அதே மடிப்பு. காட்டுக்குள்ளிருந்து ஒரு தமிழ் ஆள் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

துரை குனிந்தார். குச்சியால் கல்லைத் தள்ளி இலையைத் திறந்தார். ஒரு பருக்கைகூட இல்லை. அவர் ஏதோ கேட்டார்.

கிராணி என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? அவரும் இலையில் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே. போச்சு, எல்லாம் போச்சு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் கடுகடுத்த முகத்தோடுதான் சொன்னார்: "இலை ஏன் மடிச்சிருக்குன்னு கேக்குறாரு. பூசை முடிஞ்சதும் இப்படி மூடி வைக்கிறது உங்க வழக்கம்னு சொல்லப் போறேன். சோத்த எறும்பு கொண்டு போயிடும். ஆமான்னு தலைய ஆட்டு."

ஆட்டினேன். எங்கள் வழக்கத்தில் படையல் இலையை மடிக்கவே மாட்டோம்.

துரை நோட்டில் எழுதிக்கொண்டார். லாரி வருவதற்குள் என் வீட்டுக்காரரை அவிழ்த்துவிட்டார்கள். கிராணி துரையின் உத்தரவைச் சொன்னார்: "இனிமே சாமிக்குப் பூ, ஊதுபத்தி, எலுமிச்சம்பழம் வைக்கலாம். சோறு கூடாது. ஒரு மாத்தா கூட வருவார்." நன்றி சொல்ல வாயெடுத்தேன். "போம்மா, போயி வேலையப் பாரு" என்று உள்ளே போய்விட்டார். கடைசிவரை அந்த மனிதர் எங்களிடம் சிரித்ததில்லை.

வீட்டுக்குள் வந்ததும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "யாருங்க அது? உண்மையச் சொல்லுங்க."

"சத்தியமா தெரியாது புள்ள. முனிக்குன்னுதான் வச்சேன். ரெண்டாவது வாரமே இல மடிச்சிருந்துச்சு. பசிச்ச வயிறுன்னு தெரிஞ்சப்புறம் எப்புடி வைக்காம இருக்கிறதுலா?"

என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இவருடைய கை மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருந்தது. அதற்கு எண்ணெய் தடவினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். உத்தரவுப்படி இலையில் பூவும் நான்கு எலுமிச்சம்பழமும் வைத்தோம். அதற்கடுத்த வாரம் போனால், பூ மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. நான்கு பழமும் இல்லை. தோலும் இல்லை, விதையும் இல்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டு இலையைத் தன் பக்கமாக மடித்து வைத்திருந்தார்.

அட பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! இல்லாத பேயை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, இருந்த ஒரு மனிதரின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறேன். இவர் புது இலையை விரித்து, ஆறு பழம் வைத்தார்.

மூன்றாவது வாரம் ஆறு பழமும் வைத்தது வைத்தபடியே கிடந்தன. இலை விரித்தபடி இருந்தது. நான் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கூட வந்த மாத்தா பதறிப்போய்த் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"ஹந்துவுக்குப் பயமா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.