மூன்றாம் சக்கரத்தில் நிற்காத மணி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சாமராஜநகர் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண் போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தாள். செர்ரி, எலுமிச்சை, பிளம்ஸ் எல்லாம் சுழன்று சுழன்று நின்றன. நடுவே ஒரு மணி. அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லைதான். ஆனால் அந்த மணியைப் பார்த்து எனக்கு நாற்பது வருஷத்துக்குமேல் ஆகிறது. நஞ்சன்கூடு தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். “ஆடறீங்களா அங்கிள்?” என்று கேட்டேவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், சூதாட்ட மெஷினில் பழங்களுக்கு என்ன வேலை என்று படிக்க உட்கார்ந்தேன். ஒரு விஷயத்தை வருஷத்தோடு தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 1891இல் நியூயார்க் பக்கம் புரூக்ளினில் ஒரு மெஷின் செய்திருக்கிறார்கள். ஐந்து உருளை, ஐம்பது சீட்டு. சீட்டாட்டத்தில் சொல்வதுபோல் நல்ல கை விழுந்தால் மதுக்கடைக்காரர் பீர் அல்லது சுருட்டு கொடுப்பார். பெரிய பரிசு எளிதில் விழாதபடி ஐம்பத்திரண்டில் இரண்டு சீட்டை எடுத்துவிட்டுத்தான் மெஷினையே செய்தார்கள் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் மூன்று சக்கர மெஷினைச் செய்தார். 1887 என்று சிலர், 1895 என்று சிலர், 1899 என்று சிலர். நான் மூன்றையும் குறித்துக்கொண்டேன். மூன்று மணி ஒரே வரிசையில் நின்றால் பெரிய பரிசு. காசு கொடுக்கத் தடை வந்தபோது சூயிங்கம் கொடுத்தார்கள். அந்தச் சூயிங்கத்தின் ருசிகள்தாம் இந்தப் பழங்கள்.

பட்டப்பெயர்களும் கிடைத்தன. இங்கிலாந்தில் பழ மெஷின். ஆஸ்திரேலியாவில் போக்கி. அமெரிக்காவில், பக்கவாட்டில் இழுக்கிற பிடி ஒன்றுதான் என்பதால், ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன். நான் வேலை பார்த்த கிளப் மெஷினுக்கு இருந்த பெயர் இதில் எதற்கும் குறைந்ததில்லை: ஒண்டிக்கை மாவா. மாவா என்றால் கன்னடத்தில் மாமனார். கையைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் தராதவர் என்று கேண்டீன்காரர்கள் வைத்த பெயர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஒரு பழைய கிளப்பில் நான் குமாஸ்தா. குடகில் ஒரு காப்பித் தோட்ட பங்களா சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கிய மெஷின் அது. எண்ணெயும் பித்தளையும் கலந்த வாசனை அடிக்கும். தசராவுக்கு மட்டும் அதைத் தாழ்வாரத்தில் எடுத்து வைப்பார்கள். பரிசு காசில்லை, கேண்டீன் கூப்பன். மூன்று மணி விழுந்தால் மட்டும் தையல் மெஷின். சிப்பந்திகளுக்குத் தசரா இனாமாக ஒரு வேட்டி, ஒரு சேலை, ஒரு பெட்டி மைசூர்பாகு. வேண்டாமென்றால் அதற்குப் பதில் பத்துப் பித்தளை வில்லை. மெஷினில் போட்டு இழுக்கலாம்.

கூப்பன் கொடுப்பது என் வேலை என்பதால் ஒவ்வொரு இழுப்பும் என் கண் முன்னால்தான். யாரும் கேட்காமலே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், இழுத்தவர், மூன்று சக்கரத்திலும் நின்ற படம்.

பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி குறிக்கும் மார்க்கராக இருந்த செல்வராஜ் அண்ணா சாமராஜநகர் பக்கம் ஹனூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவருடைய மனைவி பழனியம்மாளுக்குத் தையல் தெரியும், மெஷின் இல்லை. “என்னங்க தம்பி, உங்க நோட்டு என்ன சொல்லுது?” என்று அவர் கேட்பார். நான் பெரிய மேதை மாதிரி பக்கம் புரட்டுவேன். “மூணாவது சக்கரத்துல மணி இன்னும் ஒரு தடவைகூட நிக்கலண்ணா. இவ்வளவு நாள் வரலன்னா, இனிமே வந்துதானே ஆகணும்?” என்பேன். நான்கு தசரா இதையே சொன்னேன். நான்கு தசராவும் அவர் வேட்டி சேலையை விட்டுவிட்டு வில்லையை வாங்கினார்.

நான்காம் வருஷம் பழனியம்மாளே பார்க்க வந்திருந்தார். முதல் சக்கரத்தில் மணி. இரண்டில் மணி. மூன்றாவதில் மணி கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. “ஏனுங்க, உங்க கைக்கு எதுவுமே ஏறாதுங்களா?” என்றார் பழனியம்மாள். கேண்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பேச்சு செல்வராஜ் அண்ணாவுக்கு முன்னால் ஹனூர் போய்ச் சேர்ந்துவிட்டது. செல்வராஜுக்குக் கைராசி கிடையாது என்றார்கள். வேலையை விட்டு ஊருக்குப் போனபின் அவர் காட்டில் முதல் விதையை அவருடைய கூடப்பிறந்த தம்பிதான் போட்டார். மகள் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். தாரை வார்த்ததும் தம்பிதான். பெண்ணைப் பெற்றவர் பந்தலில் கடைசி வரிசையில் நின்றார். அதையும் டைரியில் எழுதினேன், ஏன் என்று கேட்காமல்.

இப்போது ஒரு தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை படித்த கட்டுரையில் ஒரு படம் இருந்தது. பாதி நிலா வடிவில் சின்ன இரும்புத் தகடு. சக்கரத்தின் பல்லில் இதைச் செருகிவிட்டால் பெரிய பரிசுப் படத்தில் சக்கரம் நிற்கவே நிற்காது. தொழிலில் இதைப் ‘பூச்சி’ என்பார்களாம். பரணிலிருந்து நோட்டை எடுத்தேன். இரண்டாம் தசராவில் மெஷின் சிக்கிக்கொண்டு, மண்டி மொஹல்லாவிலிருந்து பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர் வந்து திறந்தார். உள்ளே பார்த்ததை அளவோடு வரைந்து வைத்திருக்கிறேன். மூன்றாம் சக்கரத்தின் பல்லில் அதே பாதி நிலா. கீழே என் கையெழுத்து: ‘பெயர் தெரியவில்லை.’ பூட்டுக்காரர், “அது ஹாகே இர்லி சார்,” அப்படியே இருக்கட்டும், என்றார். அதையும் எழுதியிருக்கிறேன்.

தகட்டை யார் வைத்தார்கள் என்று தெரியாது. பங்களாவிலிருந்தே வந்திருக்கலாம். ஆனால் நோட்டில் எதிர்ப் பக்கத்திலேயே, எந்தப் படம் எத்தனை தடவை நின்றது என்று கோடு போட்டு எண்ணிய பட்டியலில், மூன்றாம் சக்கரத்து மணிக்கான கட்டம் ஒரு கோடுகூட இல்லாமல் காலியாக இருக்கிறது. அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டித்தான் ஒரு மனிதனை நான்கு வருஷம் இழுக்க வைத்தேன்.

நேற்று செல்வராஜ் அண்ணாவின் மகளிடம் நம்பர் வாங்கி அவரோடு பேசினேன். பின்னால் டிராக்டர் சத்தம்.

“அண்ணா, அந்த மெஷின்ல மூணாவது மணி நிக்கவே முடியாது. உள்ள தகடு வெச்சிருந்தாங்க. உங்க கையில ஒரு குறையும் இல்ல.”

“தகடுங்களா? அப்பவே பாத்தீங்களா தம்பி?”

“பாத்தேன். படம்கூட வரைஞ்சேன். என்னன்னுதான் தெரியல.”

“கேட்டிருக்கலாமுங்க.”

கிளப் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் என்றும், மெஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றும் என்னென்னவோ சொன்னேன். கடைசியில், “பழனியம்மா அக்காகிட்டக் கொடுங்கண்ணா, நானே சொல்றேன்” என்றேன்.

“அவ போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. தம்பியும் போயிட்டான். என் கை ஆகாதுன்னு சொன்னவீங்க ஒருத்தருமே இப்ப இல்லீங்களே. யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க?”