நினைப்பதற்குள் நடந்துவிடுகிறது

கவுன்சிலிங் வேலையில் வாய் வலிக்காது; தோள்தான் கனக்கும். என்னைப் போலவே அடுத்தவர் வீட்டுக் கவலையைச் சம்பளத்துக்குச் சுமக்கிற உங்களுக்கு இது தெரியாததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு பால்வினை நோய் கிளினிக்கில் இருந்தேன். அங்கே வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன்.

லாட்ஜ் வாசல்

ஒட்டன்சத்திரத்தில் விதைக்கடை வைத்திருந்தவர். பழனிச்சாமி என்று வைத்துக்கொள்வோம். சரக்கெடுக்கத் திண்டுக்கல் வருவார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை மனதில் ஒன்றும் இருக்காது. லாட்ஜ் போர்டு கண்ணில் பட்டதும் பெண்ணைத் தேடி மாடிப்படி ஏறிவிடுவார். வெளியே வந்து குழாயடியில் கையைக் கழுவிக் கழுவி அழுவார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தும் நிற்கவில்லை. அவ்வளவு ஆசையா என்று கேட்டேன்.

“ஆசைன்னாக்கூட மனசு ஆறுமுங்க மேடம். ஆசையே இல்லீங்க, நெனைக்கறதுக்குள்ள நடந்து முடிஞ்சிருதுங்க.”

நல்ல சேதி

எச்.ஐ.வி. டெஸ்டுக்குச் சம்மதிக்க வைத்தோம். ரிசல்ட் வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான். வீட்டில் மனைவி, சின்னக் குழந்தைகள். ஒன்றுமில்லை என்று வந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் கிளினிக் திறக்குமுன்பே வாசலில் நின்றார். முகத்தில் உயிரில்லை. கவலை வந்தால்தான் லாட்ஜுக்குப் போவார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“சந்தோசம் தாங்கலீங்க மேடம். பஸ்ஸுக்குத்தான் போனனுங்க, காலு தானா மாடி ஏறிருச்சுங்க.”

மஞ்சள் பூத்

போவதா வேண்டாமா என்று முடிவே செய்யாதீர்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் மஞ்சள் நிற எஸ்.டி.டி. டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து எனக்குப் போன் போடுங்கள் என்றேன். போட்டார். மூச்சு வாங்கும். தக்காளி விலை கேட்பேன், மழை உண்டா என்பேன். செத்த நேரத்தில் அந்த வேகம் தணிந்துவிடும். போன் அடித்தால் எனக்குப் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். திடீரென்று பல நாள் அடிக்கவே இல்லை.

பிறகு நேரிலேயே வந்தார், கூடவே மனைவி. எல்லாவற்றையும் அவரே வீட்டில் சொல்லிவிட்டாராம். அந்த அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போய்த் திரும்பியிருந்தார். இனி சரக்கெடுக்கத் தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டு, டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தார். கணவர் நிலைகொள்ளாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருக்க, அந்த அம்மா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“எனக்கு ஏதாச்சும் இருந்தா மொதல்ல எங்கிட்ட மட்டும் சொல்லுங்க மேடம். அவருகிட்ட நான் பதமாச் சொல்லிக்கறனுங்க. இல்லாட்டி அவசரப்பட்டு எதாச்சும் பண்ணிக்குவாருங்க.”

அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது, சில மாதம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள், அப்புறம் வரவில்லை. குணமானவர்கள் வரமாட்டார்கள், ஆனால் வராதவர்களெல்லாம் குணமானவர்கள் இல்லை என்பதுதான் எங்கள் தொழிலின் தீராத இம்சை.