வயலின்காரர் எடுத்த பேஸ் கிட்டார்

பாறசாலைப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள் நான். புதிது வாங்கப் போனோம். கடைக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. குழுத் தலைவரிடம்தான் பேசினார். தலைவர் வயலின்காரர். விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் ஃப்ரெட் கட்டுகளே இல்லாத கிட்டாரை எடுத்தார்.

"எனக்கு ஃப்ரெட் வச்சது வேணும் அண்ணே" என்றேன்.

"எனக்க வயலின்ல ஃப்ரெட் உண்டா மக்கா? இதாக்கும் நல்லது."

அடுத்த வாரம் ஒரு கல்யாணம். மணப்பெண் உள்ளே வரும் பாட்டிலேயே என் விரல் கொஞ்சம் தள்ளி விழுந்து சுருதி விலகியது. சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. தலைவரும் முறைத்தார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டு முடிந்ததும் கிட்டாரை அவர் மடியில் வைத்து, "அடுத்த பாட்டு நீங்க வாசியுங்க" என்றேன். தொடவில்லை மனிதர்.

மறுநாளே கடைக்குப் போய் ஃப்ரெட் வைத்ததாக மாற்றினேன். இப்போது எந்தக் கடையிலும் முதலில் சொல்லிவிடுகிறேன்: "வாசிக்கப்போறது நானாக்கும். எங்கிட்ட பேசும்."