மூன்றடுக்குக் கட்டில்

ஷரீஃபுன்னிசாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்தக் கட்டிலில்தான் ஆரம்பிப்பேன்.

பம்பாய் செம்பூர் அகதி முகாமில் எங்கள் வரிசை முழுக்கச் சிந்திக்காரர்கள், பிரிவினையில் வந்தவர்கள். கோலி என்கிற ஒற்றை அறை வீடுகளில் கடைசி இரண்டில் மட்டும் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் குடும்பமும் அவள் குடும்பமும். ‘கொஞ்ச நாளைக்கு’ என்றுதான் கோலியைக் கொடுத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தும் வந்துவிட்டது, அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

ஒரே கோலியில் அவள், புருஷன் கரீம் பாட்சா, மகன் மன்சூர் அலி, கல்யாண வயதில் இரண்டு பெண்கள். மன்சூருக்கு நிக்காஹ் முடிந்தும் மருமகள் ராபியா தாராவியில் தாய்வீட்டிலேயே கிடந்தாள். இங்கே படுக்க இடமில்லை. அவள் உண்டாகியிருப்பது தெரிந்ததும் அவளுடைய அத்தா, மன்சூரின் மாமனார், ஆள் அனுப்பினார்: இந்த மாதத்துக்குள் வந்து அழைத்துப் போங்கள், இல்லையென்றால் ஜமாஅத்தில் பேசிக்கொள்வோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு தர்ம ஸ்தாபனம் வந்தது. நெரிசலைக் குறைக்க, ரயிலில் இருப்பதுபோல மூன்றடுக்கு இரும்புக் கட்டில், கோலிக்கு ஒன்று. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள்; குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். யார் எங்கே படுப்பது என்பதைத்தான் அவர்கள் சொல்லவில்லை.

மூட்டுவலிக்காரர் கரீம் பாட்சா கீழே என்றால் மேலே யார்? மாமனார் தலைக்கு மேல் மருமகள் காலை நீட்டுவதா? அத்தா தலைக்கு மேல் பெண்களா? புருஷன் தலைக்கு மேல் பெண்டாட்டியா? யோசித்து யோசித்து எல்லோரும் தரையிலேயே படுத்தார்கள். அந்தத் தரையிலும் பாதியைக் கட்டில் விழுங்கியிருந்தது.

“கோமதியக்கா, ஒங்களுக்காவது ஏதும் புரியுதா?” என்று ஷரீஃபுன்னிசா என்னிடம் கேட்டாள்.

“எனக்கு எங்க புரியுது? எங்க அத்தை மேலயும் ஏற மாட்டேங்காவ, கீழயும் படுக்க மாட்டேங்காவ.”

ஒரு வெள்ளிக்கிழமை ராபியாவை அழைத்து வந்துவிட்டார்கள். அவள் ஏணியைப் பார்த்தாள்.

“மாமி, நான் ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ.”

அப்படியானால் கீழ்த்தட்டு அவளுக்கு. கரீம் பாட்சா தானே போய் ஏணியில் கை வைத்தார். மன்சூர் கீழேயிருந்து தாங்கிப் பிடிக்க, முக்கி முனகி உச்சித்தட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“இப்பம் என் தலைக்கு மேல ஆரும் இல்லல்லா? சரிதானே?”

நாங்கள் சிரித்தோம். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை மண்டையுடைப்பு என்று இருந்தது. ராபியா கீழே, பெண்கள் இருவரும் நடுத்தட்டில், மற்றவர்களுக்குத் தரை.

ஏறினவருக்கு இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு தொழுகைக்கும் இறங்கினார். பிறகு மேலேயே உட்கார்ந்து தொழுதார். கூரைத் தகடு தலையைத் தொடும், பகலெல்லாம் கொதிக்கும். தேத்தண்ணியும் சோறும் மேலே போயின. கூப்பிட்டால்தான் பேசுவார். நாளாக ஆகக் கூப்பிடுவதும் குறைந்தது.

மூத்த பெண்ணைப் பார்க்கத் தாராவியிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். நானும் இருந்தேன். தேத்தண்ணி குடித்தார்கள், பெண்ணைப் பேசவைத்துப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. நகை பேசி, மாதமும் குறித்தாயிற்று. செருப்பு மாட்டும்போது அவர்களில் மூத்தவள் கேட்டாள்:

“பொண்ணோட அத்தா வெளியூரா?”



“இங்கனதான் இருக்கேன். நல்லா இருங்க,” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் குழாயடியில் ஷரீஃபுன்னிசாவின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“அக்கா,” என்றாள். “பெரிய மனுசர்னு அவுகள ஒசத்தி வச்சேனா, பழைய சாமான் மாதிரி பரண்ல தூக்கிப் போட்டேனா? எனக்கே தெரியலையே.”