நைனா பேசத் தொடங்கிய வருஷம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை வேகும் வாசனை வந்தது. அந்த ஆவிக்குள் எனக்கு எங்கள் ஊர் சிங்கவரத்து மல்லாட்டைக் கொல்லை தெரிந்தது.

அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி. அம்மாவும் நைனாவும் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போவார்கள். தங்கச்சி செல்வி வேப்பமரத்தில் கட்டிய தூளியில் நாளெல்லாம் கிடப்பாள். ஒரு வயதாகியும் அவள் உட்காரவில்லை, சிரிக்கவில்லை. அழுகைகூட ஈனசுரத்தில்தான் வரும்.

பால்வாடி டீச்சர் வந்து பார்த்தார். "சத்துமாவு தர்றேன், ஊட்டுங்க. ஆனா அது மட்டும் பத்தாது. தூக்கி வெச்சுக்கினு அவகிட்ட பேசிக்கினே இருங்க," என்றார்.

அம்மா மாவில் வெல்லமும் இடித்த மல்லாட்டையும் பிசைந்து ஊட்டினாள். பேச்சு நைனாவின் பங்கானது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத மனிதர், துண்டால் அவளை முதுகில் கட்டிக்கொண்டு வாய் ஓயாமல் பேசினார்.

"தோ பாரு, வேரு. தோ, மலைமேல கோட்டை. ராஜா இருந்த எடம்மா அது."

"இன்னாயா, பச்ச புள்ளகிட்ட கத பேசினுகீற?" என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

"அவளுக்குப் புரியுது," என்பார் வெட்கத்தோடு. ஆனால் நிறுத்தமாட்டார்.

அடுத்த அறுவடைக்குள் செல்வி உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். ஒரு மத்தியானம் வரப்பில் காக்கை வந்து உட்கார்ந்தபோது, அவள் கையை நீட்டி, "நைனா, கா!" என்றாள்.

நைனா பிடுங்கிய செடியோடு அப்படியே நின்றார். பிறகு கூட வேலை செய்தவர்கள் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல, அவளுக்குப் புரியுதுன்னு," என்றார்.